“லேசாக ஒட்டியது”: வேதியியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வேதியியலின் தொடக்கப் பாடங்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து, விடைத்தாள் திருத்தியே பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். அப்படித் திருத்தும்போது போட்ட ஒரு சிவப்புக் கோடுதான் இந்த மடலை எழுத வைத்திருக்கிறது. கேள்வி எல்லா நூல்களிலும் இருப்பதுதான். இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் கலந்து நன்கு சூடாக்கினால் கிடைக்கும் பொருளைக் காந்தம் ஈர்க்குமா? விடைக்குறிப்பில் ‘ஈர்க்காது’ என்று இருந்தது. வகுப்பே அதைத்தான் எழுதியிருந்தது. ஒரு மாணவி மட்டும் “லேசாக ஒட்டியது” என்று எழுதியிருந்தாள். ‘ஒட்டும்’ என்றுகூட இல்லை, ‘ஒட்டியது’. செய்து பார்த்த ஆள்தான் இறந்த காலத்தில் எழுதும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து ஆய்வக அலமாரியில் அந்தக் கருப்புக் கட்டி கண்ணில் பட்டது. சும்மா இருக்காமல் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒட்டியது. லேசாக.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 56 கிராம் இரும்புக்கு 32 கிராம் கந்தகம், அதாவது 7-க்கு 4 என்று நிறுத்துதான் கலக்கிறோம். ஆனால் சூடாக்கும்போது கந்தகத்தில் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடும், கொஞ்சம் எரிந்தும் போகும். அந்த அளவுக்கு இரும்பு சேராமல் மிஞ்சும். அதைக் காந்தம் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. கட்டியின் சில இடங்களில் கந்தகம் சற்றுக் கூடிப்போனால், இரும்பு அணுக்கள் கொஞ்சம் குறைவாக உள்ள சல்பைடு உருவாகலாம். 7 இரும்பு அணுவுக்கு 8 கந்தக அணு என்ற கணக்கில் உள்ள இரும்பு சல்பைடு இயற்கையில் கனிமமாகவே கிடைக்கிறது. அது காந்தத்தில் ஒட்டும். ஒன்றுக்கு ஒன்று என்று கச்சிதமாகச் சேர்ந்த சல்பைடுதான் ஒட்டாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ப்ரூஸ்ட், பெர்தொலே என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் மாறாத விகிதத்தில்தான் இருக்கும் என்றார் ப்ரூஸ்ட். விகிதம் மாறலாம் என்றார் பெர்தொலே. ப்ரூஸ்ட் வென்றார். அவர் சொன்னதுதான் இன்று மாறா விகித விதி. ஆனால் விகிதம் சற்று முன்பின்னாக இருக்கும் திண்மச் சேர்மங்கள் சில உண்மையிலேயே இருப்பது பின்னால் தெரிந்தது. தோற்றவர் பெயரால் அவற்றைப் பெர்தொலைடுகள் என்றே அழைக்கிறார்கள். அந்த வகைக்குப் பெயர்போன எடுத்துக்காட்டு எது? இரும்பு சல்பைடு! மாறா விகிதத்தைக் காட்ட நாம் பொறுக்கி எடுத்த பொருளே அந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படாத பொருள்.

இந்தச் சோதனையைத் தூக்கிவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. அருமையான சோதனை அது. குழாயின் ஓர் ஓரத்தில் செஞ்சூடு தொடங்கியதும் அடுப்பை எடுத்துவிட்டாலும் அந்தக் கனல் தானாகவே கட்டி முழுவதும் ஊர்ந்து போகும். அதைப் பார்த்தவர்களுக்கு ‘வெப்ப உமிழ்வினை’ என்ற சொல்லை வரையறை சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. என் குறை வேறு. பார்க்கச் சொல்லிவிட்டு, என்ன பார்க்க வேண்டும் என்பதையும் நூல் முன்கூட்டியே எழுதிவிடுகிறது. கோடு போட்டது என் பேனாதான், அதை மறுக்கவில்லை. அந்தப் பேனாவைப் பிடித்திருந்த கைக்குப் பின்னால் உங்கள் விடைக்குறிப்பும் இருந்தது.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

‘இயற்பியல் மாற்றம் மீளக்கூடியது, வேதியியல் மாற்றம் மீளாதது.’ எத்தனை தலைமுறைகள் மனப்பாடம் செய்த வரி! நானும் செய்தேன், அப்புறம் என் மாணவர்களையும் செய்யவைத்தேன். ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்து உடைகிறது. பழைய குடுவை திரும்பி வராது. ஆனால் அது இயற்பியல் மாற்றம். நீலநிறக் காப்பர் சல்பேட் படிகத்தைச் சோதனைக்குழாயில் சூடாக்கினால் நீராவி வெளியேறி வெள்ளைத் தூள் மிஞ்சும். 100 கிராம் படிகத்தில் 36 கிராம் நீர்தான். ஆறியபின் அந்தத் தூளில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும், குழாயும் கையில் சுடும். ஒரு வகுப்பு நேரத்துக்குள் ஒரு வேதியியல் மாற்றம் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடுகிறது.

கேட்டால், ‘தொடக்க நிலைக்கு இது போதும், விதிவிலக்குகளைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்பீர்கள். விதிவிலக்கா? 1774 ஆகஸ்ட் 1 அன்று ஆங்கில வேதியியலாளர் ப்ரீஸ்ட்லி ஒரு பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, பாதரசச் சேர்மமான சிவப்பு நிற மெர்குரிக் ஆக்சைடைச் சூடாக்கினார். வந்த வாயுவில் மெழுகுவர்த்தி பளிச்சென்று எரிந்தது. அதன் பிறகு பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே பாதரசத்தைக் காற்றோடு சேர்த்து அடைத்து 12 நாள் தொடர்ந்து சூடாக்கினார். பாதரசத்தின் மேல் சிவப்புச் செதில்கள் படிந்தன, உள்ளே இருந்த காற்றும் கொஞ்சம் குறைந்தது. அந்தச் செதில்களைத் தனியே எடுத்து இன்னும் அதிகமாகச் சூடாக்கினார். பாதரசம் திரும்பக் கிடைத்தது, காற்றில் குறைந்த அளவுக்கு வாயுவும் கிடைத்தது. அந்த வாயுதான் ஆக்சிஜன். போன வழியிலேயே திரும்பி வர முடிந்ததால்தான் பாதரசத்தோடு சேர்ந்தது எது என்று அவரால் அடித்துச் சொல்ல முடிந்தது. இன்றைய வேதியியல் எழுந்து நின்றதே இந்த மீள்வினையின் மேல்தான். உங்கள் வரையறைப்படி பார்த்தால் லவாய்சியே வேதியியலே செய்யவில்லை.

மீளும், மீளாது என்பதை விட்டுவிட்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் வழுக்குகிறது. நிறம் மாறினால், குமிழி வந்தால், சூடானால் வேதிவினை என்று ஒரு பட்டியல் எல்லா நூலிலும் இருக்கிறது. தண்ணீர் கொதித்தாலும்தான் குமிழி வருகிறது. வெள்ளை நிறத் துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகும், ஆறினால் மறுபடி வெள்ளையாகும். புதுப் பொருள் எதுவும் அங்கே உண்டாவதில்லை. இந்தப் பட்டியல் துப்பறிகிறவருக்குக் கிடைக்கும் தடயம் மாதிரி. தடயத்தை வைத்துத் தேடலாம், தீர்ப்பு எழுத முடியாது. ‘அடையாளங்கள்’ என்ற தலைப்பை ‘சந்தேகிக்க வேண்டிய இடங்கள்’ என்று மாற்றினாலே பாதி சரியாகிவிடும் என்பது என் எண்ணம். நீங்கள் சிரிக்கலாம்.

அப்படியென்றால் தீர்ப்பு எதை வைத்து? புதிய பொருள் ஒன்று உண்டானதா என்பதை வைத்துத்தான். இதையும் நூல்கள் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது புதிய பொருள் என்று எப்படித் தெரிந்தது? விளைந்ததைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும், அது தூயதா என்று பார்க்க வேண்டும், பழையதோடு ஒப்பிட வேண்டும். அதாவது கலவைகளைப் பிரித்தல் என்ற பாடம் கைக்கு வந்தால்தான் வேதிவினை என்ற பாடத்துக்கே அர்த்தம் வருகிறது. நீங்களோ அதை ஒரு வேலைப்பட்டியலாக வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பாடத்தை ஒரு மாணவியின் இடத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள். கையால் பொறுக்குதல், சலித்தல், தெளிய வைத்து இறுத்தல், வடிகட்டுதல், காந்தத்தால் பிரித்தல், ஆவியாக்குதல், காய்ச்சி வடித்தல், பதங்கமாதல், வண்ணப்பிரிகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, ஒரு படம். கடைசியில் ‘பொருத்துக’. இதை எதற்காகப் படிக்கிறோம் என்று எங்கேயும் சொல்வதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் ஒன்றா, பலவா என்ற கேள்விதான் இந்தப் பாடத்தின் உயிர். அந்தக் கேள்வியே பாடத்தில் இல்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஆர்கான் கதை போதும். 1785-இல் ஆங்கில அறிவியலாளர் கேவண்டிஷ் காற்றில் இருந்த நைட்ரஜனை மின்பொறியால் ஆக்சிஜனோடு சேரவைத்து முழுவதும் நீக்கப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் ஒரு சின்னக் குமிழி மட்டும் போகவில்லை. எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் அது இராது என்று குறித்து வைத்துவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போனார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குமிழியை யாரும் சீண்டவில்லை. 1892-இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 1.257 கிராம் இருந்தது. வேதிச் சேர்மங்களிலிருந்து தயாரித்ததோ ஏறத்தாழ 1.251 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்தான். நம் ஆய்வகத்தில் என்றால் ‘சோதனைப் பிழை’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்போம். ராலே அதை விடவில்லை. வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். 1894-இல் காற்றில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக, எதனோடும் சேராத ஒரு வாயு இருப்பதை இருவரும் அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான். இது கண்டுபிடிக்கும் வரை காற்றிலிருந்து ‘தூய நைட்ரஜன்’ என்று எடுத்தவை எல்லாம் கலவைதான். நான்கு ஆண்டு கழித்து ராம்சேயும் ட்ராவர்சும் திரவக் காற்றையும் அதிலிருந்து எடுத்த ஆர்கானையும் பின்னக் காய்ச்சி வடித்தலுக்கு (கொதிநிலை வேறுபாட்டை வைத்துப் படிப்படியாகப் பிரிக்கும் முறை) உட்படுத்தி நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் பிரித்தெடுத்தார்கள். தனிம அட்டவணைக்குப் புதிதாக ஒரு நெடுவரிசையே தேவைப்பட்டது.

உங்கள் நூலில் பின்னக் காய்ச்சி வடித்தலுக்கு இருப்பது மூன்று வரி. நைட்ரஜன் −196, ஆர்கான் −186, ஆக்சிஜன் −183 டிகிரி செல்சியசில் கொதிக்கும் என்ற எண்களைச் சில நூல்கள் தருகின்றன. ஆர்கான் எண் மற்ற இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, அதைத் தனியே எடுப்பது ஏன் சிக்கல் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

படிகமாக்கலும் அப்படித்தான். மேரி கியூரி ரேடியத்தைப் பிடித்தது அதை வைத்துத்தான். ரேடியம் குளோரைடும் பேரியம் குளோரைடும் எல்லா வினையிலும் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டில் ரேடியம் குளோரைடு நீரில் கொஞ்சம் குறைவாகக் கரையும். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு கரைப்பதும் படிகமாக்குவதும் திரும்பக் கரைப்பதுமாக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். டன் கணக்கான தாதுக் கழிவிலிருந்து 1902-இல் அவர் கையில் இருந்தது 0.1 கிராம் அளவுக்கு ரேடியம் குளோரைடு. ‘செறிந்த கரைசலைக் குளிர்வித்தால் படிகம் கிடைக்கும்’ என்ற உங்கள் ஒற்றை வரிக்குள் இது அத்தனையும் இருக்கிறது. பாவம், அந்த வரிக்கே அது தெரியாது.

(வண்ணப்பிரிகையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வடிதாளில் மை பிரிவதைப் பார்த்தால் மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நூல் கெடுக்க முடியாத சோதனை அது ஒன்றுதான்.)

இனி என்னை நெடுநாளாக உறுத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். பதங்கமாதலுக்கு எல்லா நூலும் அம்மோனியம் குளோரைடைத்தான் காட்டுகின்றன. உப்போடு கலந்து பீங்கான் கிண்ணத்தில் சூடாக்கி, மேலே புனலைக் கவிழ்த்து, புனலின் குளிர்ந்த சுவரில் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டி எடுக்கிறோம். திண்மம் நேரே வாயுவாகி மறுபடி திண்மமானது, இயற்பியல் மாற்றம், முடிந்தது. ஆனால் அங்கே நடப்பது அதுவா? சூட்டில் அம்மோனியம் குளோரைடு அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் உடைகிறது. அந்த இரண்டு வாயுக்களும் குளிர்ந்த சுவரில் மறுபடி சேர்கின்றன. போவதும் வேதிவினை, வருவதும் வேதிவினை. மேல் வகுப்பு நூல்களிலேயே இந்த வெப்பச் சிதைவு எடுத்துக்காட்டாக வரும். கீழ் வகுப்பில் இயற்பியல் மாற்றம், மேல் வகுப்பில் வேதியியல் மாற்றம். பொருள் அதே பொருள்தான், மாணவருக்குத்தான் வயதாகியிருக்கிறது.

இதை எளிதாகக் காட்டவும் முடியும். ஒரு சோதனைக்குழாயின் அடியில் சிறிது அம்மோனியம் குளோரைடு, நடுவில் கண்ணாடி இழை அடைப்பு, வாயில் ஈரப்படுத்திய சிவப்பு, நீல லிட்மஸ் தாள்கள். சூடாக்கினால் முதலில் சிவப்புத் தாள் நீலமாகும், அது காரத்தன்மையுள்ள அம்மோனியாவின் வேலை. அம்மோனியா லேசானது, அதன் மூலக்கூறு நிறை 17. ஹைட்ரஜன் குளோரைடுக்கு 36.5. லேசானது அடைப்பைத் தாண்டி முந்திக்கொண்டு வருகிறது. சற்று நேரத்தில் அமிலமும் வந்து சேர, தாள்கள் சிவக்கும். கையளவு குழாயில் பிரிதல், வேதிவினை, விரவுதல் (வாயு தானாகப் பரவுவது) மூன்றும் நடந்து முடிகின்றன. பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டுதான் வேண்டும் என்றால் நாப்தலீனோ உறைந்த கார்பன் டைஆக்சைடோ இருக்கின்றன. அம்மோனியம் குளோரைடை அங்கிருந்து எடுத்து, வேதிவினைப் பாடத்தின் வாசலில் உட்கார வையுங்கள்.

சிறுவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட முடியாது என்பதை வகுப்பில் நின்றவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எளிமையாகச் சொல்வதில் எனக்குச் சண்டை கிடையாது. பின்னால் விரித்துச் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும், பின்னால் அழிக்க வேண்டியதாக இருக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, ‘தூய திரவம் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும்’ என்பது நல்ல வரி. உப்புக் கரைசலைக் கொதிக்கவிட்டால் நீர் போகப்போக வெப்பநிலை ஏறிக்கொண்டே இருப்பதையும் தூய நீர் அப்படி ஏறாமல் நிற்பதையும் மாணவரே வரைபடமாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு ‘ஒரே வெப்பநிலையில் கொதிப்பதெல்லாம் தூய திரவம்’ என்று எழுதிவிடுகிறீர்கள். எத்தனால் 95.6 சதவீதமும் மீதி நீருமாக உள்ள கலவை 78.2 டிகிரியில் ஆடாமல் அசையாமல் கொதிக்கிறது. எவ்வளவுதான் காய்ச்சி வடித்தாலும் அது அதற்கு மேல் பிரியாது. இதைத் தொடக்க வகுப்பில் நடத்த வேண்டாம். ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், மேல் வகுப்பு ஆசிரியர் அந்த இடத்திலிருந்து தொடங்கிக்கொள்வார்.

நீரில் உப்பு கரைவதும் அப்படி ஒரு இடம். அது இயற்பியல் மாற்றம் என்று ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுகிறீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் நீரில் கரையத்தான் செய்கிறது. கிடைப்பது அமிலம். அதை எந்தப் பெட்டியில் போடுவது? சில மாற்றங்கள் எல்லைக்கோட்டில் நிற்கின்றன என்று நூலில் எழுதினால் குடிமுழுகிப் போய்விடாது. இரண்டு பெட்டிதான் இருக்கிறது என்று நம்பவைப்பதுதான் பின்னால் தொல்லை.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பின்வருவனவற்றை இயற்பியல், வேதியியல் மாற்றங்களாக வகைப்படுத்துக’ என்ற கேள்வியைத் திருத்துவது எளிது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதன் பலனை அனுபவித்தவன். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: முகவையில் நிறமற்ற, தெளிந்த திரவம் இருக்கிறது. இது ஒரே பொருளா, கலவையா? கண்டுபிடிக்க என்னென்ன செய்வாய்? எது நடந்தால் எந்த முடிவுக்கு வருவாய்? திருத்த நேரம் ஆகும். நாற்பது தாளில் நாற்பது விதமான விடை வரும். ஆகட்டும், திருத்துகிறோம்.

அடுத்த பதிப்பில் இவ்வளவையும் செய்ய உங்களுக்கு நேரமும் பக்கமும் இருக்குமா என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் உடனே செய்யலாம், அச்சுச் செலவு மிச்சமாகும். இரும்பு, கந்தகச் சோதனையின் கீழே ‘விளைபொருளைக் காந்தம் ஈர்ப்பதில்லை’ என்றுள்ள வரியை நீக்கிவிட்டு, அங்கே ‘காந்தத்தை அருகில் கொண்டுபோனபோது நான் கண்டது’ என்று மட்டும் போட்டு இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். விடைக்குறிப்பிலும் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்

பி.கு.: அந்த மாணவியைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்று சொன்னேன். பட்டியல் அனுப்பியாகிவிட்டதால் மதிப்பெண்ணை மாற்ற முடியவில்லை. “அப்போ இப்ப ஒட்டுமா, ஒட்டாதா சார்?” என்று கேட்டாள். இருவரும் போய் இன்னொரு முறை சூடாக்கினோம். இந்த முறை கந்தகம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பார்க்கலாம் என்பது அவள் யோசனை.